டிஜிட்டல் அரசு ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா? பிழையின் சுமை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்

“அரசுச் சேவைகள் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டால் ஏழை, பணக்காரர் இடைவெளி குறையும், மக்களுக்குள் ஒற்றுமை வளரும் என்று சொல்கிறார்கள். நிஜமாகவே அப்படி நடக்குமா? நடக்கும் என்றால் எந்த வழியாக? ஓர் அரசு எங்கிருந்து தொடங்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஏற்கெனவே பின்தங்கியிருப்பவருக்கு அரசின் உதவி முன்பைவிட எளிதாகப் போய்ச் சேருமா என்பது ஒன்று. அரசு எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கிறது என்ற நம்பிக்கை பிறந்து, அது சக மனிதர்கள் மீதும் படருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு நல்ல ஆதாரங்களோடு பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அதனால் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

என் வேலை, உதவித்தொகைகளையும் ஓய்வூதியங்களையும் கொண்டுசேர்க்கும் தகவல் அமைப்புகளை வடிவமைப்பதும் பிறகு அவற்றைத் தணிக்கை செய்வதும். பல ஆண்டுகளாக அதில்தான் இருக்கிறேன். எனவே இந்தப் பதில் நலத்திட்டங்களின் பக்கம் சாய்ந்திருக்கும். இணையவழித் தேர்தல், கல்வி போன்றவற்றுக்குள் நான் போகவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் அரசு ஏற்றத்தாழ்வைக் குறைக்கும், ஒரு நிபந்தனையோடு: “எனக்குத் தகுதி இருக்கிறது” என்று நிரூபிக்கும் வேலை குடிமக்களிடமிருந்து அரசின் கைக்கு மாற வேண்டும். அதே கணினியை வைத்து அந்த வேலையை மக்கள் தலையில் இன்னும் இறுக்கமாகக் கட்டினால், இருந்த இடைவெளியும் பெரிதாகும். இரண்டும் உலகில் நடந்திருக்கிறது.

நலத்திட்டம் என்று பேச்செடுத்தாலே, தகுதியில்லாதவர் வாங்கிவிடுகிறார் என்ற குரல்தான் முதலில் எழும். தகுதியுள்ளவர் வாங்காமல் இருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரான்ஸில் ஆர்.எஸ்.ஏ. என்று ஒரு குறைந்தபட்ச வருமான உதவி உண்டு. அதற்குத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பெறுவதே இல்லை என்று அந்நாட்டு அரசின் புள்ளிவிவரப் பிரிவே கணக்கிட்டது. நல்ல நிர்வாகமும் நீண்ட நலத்திட்ட மரபும் உள்ள ஒரு பணக்கார நாட்டின் நிலைமை இது. காரணம் சோம்பல் இல்லை. திட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், சான்றுகளைத் திரட்ட வேலையை விட்டு அலைய வேண்டும், அன்றைய கூலி போய்விடும். அதையும் தாண்டி வந்தால், கவுண்டரில் கையேந்தி நிற்பவரைப் போல நடத்தப்படும் கூச்சம். இந்த மூன்று சுமைகளும் நேரமும் படிப்பும் செல்வாக்கும் குறைந்தவர்கள் மீதுதான் அதிகம் விழுகின்றன. எல்லோருக்கும் ஒரே படிவம், ஒரே வரிசை என்பது பார்க்கச் சமமாகத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் நிற்க ஒருவருக்கு ஆகும் செலவும் இன்னொருவருக்கு ஆகும் செலவும் ஒன்றல்ல.

டிஜிட்டல் அரசின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பத்தை ஆன்லைனுக்குக் கொண்டுபோவதைவிட, விண்ணப்பமே தேவையில்லை என்று ஆக்குவது பல மடங்கு மேல். பெல்ஜியம் 1990-இல் சட்டம் போட்டு, சமூகப் பாதுகாப்புக்கான ‘கிராஸ்ரோட்ஸ் பேங்க்’ என்ற அமைப்பை உருவாக்கியது. பெயரில் வங்கி இருந்தாலும் அதில் பணமும் இல்லை, எல்லாத் தகவலும் குவிந்து கிடக்கும் பெரிய கிடங்கும் இல்லை. ஒவ்வொரு துறையின் தரவும் அந்தந்தத் துறையிடமே இருக்கும். யாரிடம் எது இருக்கிறது என்ற வழிகாட்டி மட்டும் நடுவில் இருந்து, அனுமதி பெற்ற கேள்வியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் பதிலைக் கொண்டுவரும். குறைந்த வருமானக் குடும்பங்கள் பலவற்றுக்கு மின்கட்டண, எரிவாயுக் கட்டணச் சலுகை அங்கே தானாகவே கிடைக்கிறது. அதற்கு வழிசெய்தது இத்தகைய தரவுப் பரிமாற்றம்தான். எஸ்டோனியாவில் 2001-இல் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்ற பரிமாற்ற அமைப்பும் இதே தத்துவத்தில் ஓடுகிறது. அங்கே 2019 முதல், குழந்தையின் பிறப்பு பதிவானதும் பெற்றோருக்கு என்னென்ன குடும்ப உதவிகள் உண்டு என்று அரசே கணக்கிட்டு முன்வைக்கிறது. பெற்றோர் சரி என்று ஒப்புதல் கொடுத்தால் போதும். பிரான்ஸும் 2025 மார்ச் முதல் நான் மேலே சொன்ன உதவிக்கான வருமான விவரங்களை அரசே முன்கூட்டி நிரப்பித் தரும் முறைக்கு வந்திருக்கிறது.

இதற்கு வேண்டிய தொழில்நுட்பம் பழையது, எளியது. கடினமானது சட்டமும் துறைகளின் மனநிலையும். ஒவ்வொரு துறையும் தன்னிடம் உள்ள தரவைத் தன் சொத்தாகக் கருதும். பக்கத்துத் துறை கேட்டால் தராது, அதே தகவலுக்கான சான்றிதழை மக்களிடம் கேட்கும். வருவாய்ச் சான்று, இருப்பிடச் சான்று, உயிரோடு இருப்பதற்கான சான்று என்று ஒருவர் ஓர் அலுவலகத்தில் வாங்கி இன்னோர் அலுவலகத்தில் கொடுக்கும் காகிதங்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அரசிடம் இருக்கும் தகவல்கள்தான். அரசின் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தகவலைத் தூக்கிச் செல்லும் கூலியில்லா வேலையை மக்கள் செய்கிறார்கள். ஒருமுறை சொன்னதை மறுபடி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதாத நாடுகளில், எத்தனை செயலிகள் வந்தாலும் இந்த நிலைமை மாறி நான் பார்த்ததில்லை.

அடுத்து, ஒரே மாதிரித் தொழில்நுட்பம் எதிரெதிரான விளைவைத் தர முடியும் என்பதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான ஆதாரம். இந்தியாவில் பெருமளவில் ஒரே ஆய்வுக் குழு செய்த இரண்டு கள ஆய்வுகள் இவை. ஒன்று, பிரிக்கப்படாத ஆந்திராவில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை ஸ்மார்ட் கார்டு வழியாகக் கொடுத்தது. சுமார் 1.9 கோடி மக்கள் வாழும் பகுதிகளில், எந்த மண்டலத்தில் முதலில் தொடங்குவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், விளைவை நம்பகமாக அளக்க முடிந்தது. 2016-இல் வெளியான முடிவின்படி, வேலை உறுதித் திட்டத்தில் குடும்பங்களின் வருவாய் 24 சதவீதம் கூடியது, கசிவு, அதாவது மக்களுக்குப் போய்ச் சேராமல் இடையில் காணாமல் போகும் பணம், 41 சதவீதம் குறைந்தது. பணம் வாங்கக் காத்திருக்கும் நேரமும் குறைந்தது. மற்றொன்று ஜார்க்கண்ட் ரேஷன் கடைகளில் ஆதார் கைரேகைச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே சரிபார்ப்பு மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. பயனாளிகளின் அலைச்சல் சற்றே கூடியது. முன்பே ஆதாரை இணைக்காதிருந்த குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. பிறகு, இயந்திரத்தில் பதிவான கணக்கை வைத்துக் கடைகளுக்கான ஒதுக்கீட்டை வெட்டியபோது கசிவு நன்றாகவே குறைந்தது. கூடவே மக்களுக்குக் கிடைத்த தானியமும் குறைந்தது.

இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: விரலை வை, ஆளைச் சரிபார். வேறுபட்டது நோக்கமும் வடிவமைப்பும். ஆந்திராவில் கார்டு இல்லாதவருக்குப் பணம் மறுக்கப்படவில்லை, பழைய வழியும் திறந்தே இருந்தது. அதோடு பணம் கொடுக்கும் ஆள் ஊருக்குள்ளேயே வந்தார். எனவே அந்த வெற்றியில் கைரேகைக்கு எவ்வளவு பங்கு, பக்கத்திலேயே பணம் கிடைத்ததற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஜார்க்கண்டில் மிச்சம் பிடிப்பது பெரிய நோக்கமாக இருந்தது. விரல் பொருந்தவில்லை என்றால் இழப்பு அந்தக் குடும்பத்துக்கு. எந்த அமைப்பும் இரண்டு விதமாகத் தவறும்: தகுதியில்லாதவருக்குக் கொடுத்துவிடும், தகுதியுள்ளவரைத் திருப்பி அனுப்பிவிடும். எந்தத் தவறுக்கு அதிகம் பயப்படுகிறோம் என்பதை அரசியல்தான் தீர்மானிக்கிறது. மென்பொருள் அந்தப் பயத்தை அப்படியே நிறைவேற்றிக் கொடுக்கும். முதல் தவறில் அரசுக்குப் பணம் நட்டமாகிறது. இரண்டாவதில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போகலாம். இரண்டுக்கும் ஒரே எடை கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

தணிக்கைக்குப் போனால் நான் முதலில் கேட்பது நிராகரிப்புப் பதிவுகளைத்தான். எத்தனை கோடிப் பரிவர்த்தனை வெற்றி என்ற எண் விளம்பரத்துக்கு ஆகும். தோற்ற முயற்சிகள் யாருடையவை என்பதில்தான் ஏற்றத்தாழ்வு தெரியும். அந்தப் பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். உழைத்து உழைத்து விரல் ரேகை தேய்ந்தவர்கள், முதியவர்கள். ஒரு பதிவேட்டில் ஒரு எழுத்து, இன்னொன்றில் வேறு எழுத்து என்று பெயர் மாறியவர்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாததால் அந்தக் கட்டத்தில் புள்ளி வைத்தவர்கள். பிறந்த தேதி தெரியாததால் யாரோ ஒரு எழுத்தர் ஜனவரி 1 என்று போட்டு வைத்தவர்கள். திருமணத்துக்குப் பிறகு முகவரியும் பெயரும் மாறிய பெண்கள். வேலை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள். வசதியானவருக்கும் இதே பிழை வரும், ஆனால் அவர் ஒரு போன் போட்டுச் சரிசெய்துகொள்வார். இவர்களுக்குத் திரையில் வருவது “விவரங்கள் பொருந்தவில்லை” என்ற ஒற்றை வரி. எந்த விவரம், எந்தப் பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தவில்லை, யாரிடம் போனால் திருத்துவார்கள் என்று அந்த வரி சொல்லாது. அந்த ஒரு வாக்கியத்தை ஒழுங்காக எழுதினாலே ஆயிரக்கணக்கான வீண் பயணங்கள் மிச்சமாகும். புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துகிறேன்.

இணையமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அடுத்து யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி உலகில் 260 கோடிப் பேர் இணையத்தைப் பயன்படுத்துவதில்லை. நகரவாசிகளில் 83 சதவீதம் பேர் பயன்படுத்துகிறார்கள், கிராமங்களில் பாதிக்கும் குறைவு. ஆண்கள் 70 சதவீதம், பெண்கள் 65. சேவையை ஸ்மார்ட்போன் செயலிக்குள் மட்டும் அடைத்தால், அதிகம் தேவைப்படுகிறவரையே முதலில் வெளியே நிறுத்துகிறோம் என்று இதிலிருந்தே தெரியும். ஆனால் டிஜிட்டல் என்றால் செயலி என்று ஒரு கட்டாயமும் இல்லை. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், டோகோ நாடு ‘நோவிசி’ என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண செல்போனில் ஒரு குறியீட்டு எண்ணை அழுத்தினால் போதும், இணையம் வேண்டாம். அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வாக்காளர் பட்டியலை அடையாளத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் தொகை வைத்தார்கள். பிறகு மிக ஏழையான பகுதிகளைச் செயற்கைக்கோள் படங்களை வைத்தும், அங்குள்ள மிக ஏழைகளை அவர்களின் செல்போன் பயன்பாட்டுத் தரவை வைத்தும் கண்டுபிடிக்க முயன்றார்கள். அதை ஆராய்ந்தவர்கள் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது கவனிக்கத்தக்கது. ஊர் வாரியாகப் பிரித்துக் கொடுப்பதைவிட இந்த முறை விடுபட்ட ஏழைகளின் அளவைக் குறைத்தது. ஆனால் வீடு வீடாகச் சென்று தயாரித்த முழுமையான சமூகப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால், அதைவிட இது மோசம். நெருக்கடியில் கைகொடுக்கும் மாற்று என்று இதை ஏற்கலாம். ஆள் போய்ப் பதிவெடுக்கும் வேலையை இனி விட்டுவிடலாம் என்று யாராவது இதைக் காட்டி வாதிட்டால் ஏற்காதீர்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, கணினி உள்ளே, மனிதர் வெளியே. பிரேசிலின் ‘கடாஸ்ட்ரோ யூனிகோ’ 2001 முதல் இயங்கும் தேசியப் பதிவேடு. பின்னால் முழுக்கத் தரவுத்தளம், முன்னால் நகராட்சி ஊழியர் உட்கார்ந்து குடும்பத்தோடு பேசிப் பதிவு செய்கிறார். பல திட்டங்களுக்கும் அதே பதிவு போதும். 2020-இல் அவசர உதவித்தொகை அறிவித்தபோது, அந்தப் பதிவேட்டில் இருந்த தகுதியான குடும்பங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. டென்மார்க் 2014-இல் அரசுக் கடிதங்களை டிஜிட்டல் அஞ்சலாகக் கட்டாயமாக்கியபோதும், முடியாதவர்கள் விலக்குப் பெறச் சட்டத்திலேயே இடம் வைத்தது. இப்படி ஒரு மனித வழி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்றால், இடைத்தரகர் வருவார். ஓடிபி அவருக்குப் போகும், கடவுச்சொல் அவரிடம் இருக்கும், செல்போன் எண்கூட அவருடையதாக இருக்கும். சேவை இலவசம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். பழைய லஞ்சம் சேவைக் கட்டணம் என்று பெயர் மாற்றிக்கொள்ளும். இதைத் தடுக்க ஒரே வழி, அதே வேலையைச் செய்யும் அதிகாரமுள்ள அரசுக் கவுண்டர் ஒன்று பக்கத்தில் திறந்திருப்பது. டிஜிட்டல் வந்துவிட்டது என்று சொல்லிக் கவுண்டரை மூடுகிற அரசு, மிச்சப்படுத்திய செலவை ஏழைகளிடமிருந்தே வசூலிக்கிறது.

வடிவமைப்பு ஏற்றத்தாழ்வின் உள்ளே போய் மாற்றம் செய்த ஓர் உதாரணமும் சொல்ல வேண்டும். பாகிஸ்தானில் 2008-இல் தொடங்கிய பேநசீர் வருமான உதவித் திட்டம், பணத்தைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரில்தான் கொடுத்தது, அதற்குக் கணினிமய தேசிய அடையாள அட்டை வேண்டும் என்றது. அதுவரை அட்டை எதற்கு என்றிருந்த குடும்பங்கள் பெண்களைப் பதிவுக்கு அழைத்துவந்தன. அட்டை எடுத்த பெண்களின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. பெயர் பதிவேட்டில் வந்தபின் வங்கிக் கணக்கு, வாக்காளர் பட்டியல் என்று மற்றக் கதவுகளும் திறக்கும் வாய்ப்பு உண்டாகிறது. அட்டை வாங்க இயலாத பெண் வெளியே நின்றார் என்பதும் உண்மைதான்.

இனி இருண்ட பக்கம். ஆஸ்திரேலியாவில் 2010-களின் பிற்பாதியில் நடந்த ‘ரோபோடெட்’ விவகாரத்தை ஒருமுறையாவது படித்துப் பாருங்கள். உதவித்தொகை பெற்றவரின் ஆண்டு வருமானத்தை வரித்துறைத் தரவிலிருந்து எடுத்து, இரண்டு வாரத் தவணைகளாகச் சமமாகப் பிரித்தார்கள். அந்தச் சராசரியும் அவர் உண்மையில் சொன்ன வருமானமும் ஒத்துவரவில்லை என்றால், நீ அதிகம் வாங்கிவிட்டாய் என்று கடன் நோட்டீஸ் போகும். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையின்மை என்று வாழ்கிறவருக்கு இந்தக் கணக்கு இயல்பிலேயே தப்பு. தப்பு என்று நிரூபிக்க, பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவர்தான் தேட வேண்டும். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இதை விசாரித்து 2023-இல் அறிக்கை கொடுத்த அரச விசாரணை ஆணையம், இது நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்றது. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவி வாங்கிய பல்லாயிரம் பெற்றோர் மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டார்கள். சிறிய பிழைக்குக்கூட வாங்கிய முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். ஆபத்தைக் கணிக்கும் முறையில் குடியுரிமை ஓர் அளவுகோலாக இருந்ததால், வெளிநாட்டுப் பின்னணி உள்ள குடும்பங்கள் அதிகம் சிக்கின. 2021 ஜனவரியில் அந்நாட்டு அமைச்சரவை இதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகியது. பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களில் பயன்படுத்திய ஹொரைசன் மென்பொருள் காட்டிய பொய்யான பணப் பற்றாக்குறையால் நூற்றுக்கணக்கான கிளை நடத்துநர்கள் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றமே முதலில் அனுமானித்துக்கொள்ளும் சட்டநிலை அங்கே இருந்ததும் ஒரு காரணம். மூன்றிலும் நான் காண்பது ஒரே கோளாறு. இயந்திரம் சொன்னது உண்மை, இல்லை என்றால் நீ நிரூபி. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவரிடம் இப்படிச் சொல்வது, நீ தோற்றுவிட்டாய் என்று சொல்வதற்குச் சமம்.

சமூக ஒற்றுமை பற்றிய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டிஜிட்டல் சேவையில் முன்னணியில் உள்ள நாடுகளில் மக்கள் அரசை அதிகம் நம்புகிறார்கள் என்று காட்டும் வரைபடங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றை வைத்து எது காரணம், எது விளைவு என்று முடிவு செய்ய முடியாது. டென்மார்க் போன்ற நாடுகளில் நம்பிக்கை முன்பே இருந்தது, அதனால்தான் தரவைக் கொடுக்க மக்கள் தயங்கவில்லை என்றும் வாதிடலாம். எதிர்த்திசையில் ஆதாரம் தெளிவாகவே இருக்கிறது: நெதர்லாந்தில் நடந்தது போன்ற ஒன்று, ஒரு பிரிவு மக்களுக்கு “இந்த அரசு உன்னுடையது இல்லை” என்று சொல்லிவிடுகிறது. ஆக, டிஜிட்டல் அரசால் நம்பிக்கையை உடைக்க முடியும் என்பது உறுதி. வளர்க்கும் என்பது சில சூழல்களில் சாத்தியம், அவ்வளவுதான்.

அந்தச் சூழல்களில் இரண்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலாவது, பார்வை இருபக்கமும் இருக்க வேண்டும். அரசு மக்களைப் பார்க்கிற அளவுக்கு மக்களும் அரசைப் பார்க்க முடிய வேண்டும். எஸ்டோனியாவில் தங்கள் தகவலை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்று குடிமக்களே பார்த்துக்கொள்ளலாம். ராஜஸ்தானில் 1990-களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர் அமைப்பு, ஊர்க் கூட்டத்தில் அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்துக்காட்டும் பொது விசாரணைகளை நடத்தியது. செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டது அப்படித்தான் வெளிவந்தது. தகவல் உரிமைச் சட்டத்துக்கான போராட்டத்தின் வேர்களில் அது ஒன்று. அதே மரபின் நீட்சியாக 2019-இல் ராஜஸ்தான் அரசு ‘ஜன் சூச்னா’ இணையதளத்தைத் திறந்தது. யாரும் விண்ணப்பம் போடாமலே, தங்கள் ஊரில் எந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன போனது என்று பார்க்கலாம். “அவர்களுக்குத்தான் எல்லாம் போகிறது, நமக்கு ஒன்றுமில்லை” என்ற வதந்தி ஊர்களைப் பிளக்கிறது. அதற்கு முன்னால் வைக்க ஒரு பட்டியல் இருப்பது பெரிய விஷயம். ஆனால் யார் உதவி வாங்குகிறார் என்பதை வெளியிடுவது அவர்களைக் கூனிக் குறுகவும் வைக்கலாம். நோய், ஊனம், குடும்ப வன்முறை தொடர்பான உதவிகளில் பெயரை வெளியிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பொதுவேலை, கூலி, ரேஷன் ஒதுக்கீடு போன்றவற்றில் ஊருக்குத் தெரிவது நல்லது. இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றில் அந்த ஊர் மக்களைக் கேட்டுத்தான் கோடு போட வேண்டும்.

இரண்டாவது, கோபம் பதிலாகத் திரும்ப வேண்டும். தைவானில் 2015-இல் வந்த ‘ஜாயின்’ தளத்தில் ஒரு கோரிக்கைக்கு 5,000 பேர் ஆதரவு சேர்ந்தால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் முறையாகப் பதில் சொல்ல வேண்டும். 2017-இல், வரித் தாக்கல் மென்பொருள் பயன்படுத்தவே முடியாத அளவுக்கு மோசம் என்று ஒருவர் அங்கே கொதித்து எழுதினார். குறை சொன்னவர்களையே அழைத்து, அதிகாரிகளோடு உட்காரவைத்து, அடுத்த தாக்கலுக்கான வடிவமைப்பைச் சேர்ந்து செய்தார்கள். அங்கேயே ‘வி-தைவான்’ என்ற முயற்சியில் ஊபர் பற்றிய சர்ச்சையைப் ‘போல்.இஸ்’ (Pol.is) என்ற கருத்தாய்வுக் கருவியில் விவாதித்தார்கள். அதில் ஒருவர் சொன்னதற்கு நேரே மறுமொழி எழுத முடியாது. ஆமாம், இல்லை என்று வாக்களிக்கலாம், புதிய கருத்து ஒன்றை வைக்கலாம். அதனால் சண்டை வளர இடமில்லாமல், எதிரெதிர் அணிகளும் ஒப்புக்கொள்ளும் வாக்கியங்கள் மேலே வந்தன. நேரமும் இணையமும் உள்ளவர்களே இதிலும் அதிகம் கலந்துகொள்வார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் உரையாடலின் வடிவம் மனிதர்களின் நடத்தையை மாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடையாளப் பதிவேட்டையே எல்லாவற்றுக்கும் வாசலாக வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கென்யாவில் ‘ஹுடுமா நம்பா’ என்ற டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை, நூபியர் என்ற சிறுபான்மைச் சமூகத்தின் உரிமை அமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. அந்தச் சமூகத்தினர் தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தும், அடையாள அட்டைக்கு மற்றவர்களுக்கு இல்லாத கூடுதல் விசாரணையைக் கடக்க வேண்டியிருந்தது. பழைய பாகுபாட்டோடு உள்ள பதிவேட்டை அப்படியே கணினியில் ஏற்றினால், அட்டை இல்லாதவர் பள்ளி, மருத்துவம், செல்போன் என எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேற்றப்படுவார் என்பது அவர்களின் அச்சம். தகுந்த தரவுப் பாதுகாப்புச் சட்ட ஏற்பாடு வரும்வரை திட்டம் தொடரக் கூடாது என்று 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. உலக வங்கி 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் சுமார் 85 கோடிப் பேரிடம் அதிகாரப்பூர்வ அடையாளம் எதுவும் இல்லை. பெரும்பாலானோர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். என்னிடம் விட்டால் பிறப்புப் பதிவிலிருந்து தொடங்குவேன். யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேருக்குப் பிறப்பு பதிவாகவில்லை. பிறந்த இடத்திலேயோ முதல் தடுப்பூசிக்கு வரும்போதோ பதிவு செய்ய வேண்டும். தாமதக் கட்டணத்தை நீக்க வேண்டும். தந்தை பெயரோ பெற்றோரின் அட்டையோ இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தப் பதிவிலிருந்து ஒரே ஒரு உதவியை, உதாரணமாகக் குழந்தை உதவித்தொகையை, விண்ணப்பமில்லாமல் ஓடவிட வேண்டும். அதை இயக்கும் சட்டத்தில் மூன்று வரிகள் கட்டாயம் வேண்டும்: ஒரு மனிதர் கையெழுத்திடாமல் எந்தக் கணினியும் ஒருவரின் உதவியை நிறுத்த முடியாது, நிறுத்தினால் காரணத்தை அவர் மொழியில் எழுதித் தர வேண்டும், மேல்முறையீடு முடியும்வரை பணம் தொடர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு மாதமும் நிராகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை வயது, பாலினம், மொழி, பகுதி வாரியாகப் பிரித்து வெளியிட வேண்டும். இந்தக் கடைசிப் பட்டியலை வெளியிடுங்கள் என்று கேட்க நீங்கள் அரசில் இருக்க வேண்டியதில்லை. தகவல் கேட்கும் உரிமை உள்ள எந்த நாட்டிலும் ஒரு சாதாரண மனிதர் அதற்கு மனு போடலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு நீங்களே கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் அதை எப்படிப் படிப்பது என்று சொல்ல நான் தயாராக இருக்கிறேன்.